மூன்று முறை எழுந்த மருத்துவமனை



திருச்சபைக்கு அரும்பணி ஆற்றும் இறைமக்களைச் சிறப்பிக்கும் பொருட்டு, திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1888-ஆம் ஆண்டில் ஒரு சிலுவைப் பதக்கத்தை ஏற்படுத்தினார். 'திருச்சபைக்காகவும் திருத்தந்தைக்காகவும்' என்று பொருள்படும் இலத்தீன் பெயர் அதற்கு உண்டு. 2006-ஆம் ஆண்டில், திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் ஆட்சிக் காலத்தில், அப்பதக்கத்தைப் பெற்றவர்களுள் ஒருவர், அமெரிக்க நாட்டின் தென்கடற்கரையில் மீனவர்களுக்கு மருத்துவம் பார்த்துவந்த ஒரு கறுப்பினப் பெண்மணி. டாக்டர் ரெஜினா பெஞ்சமின் என்பது அவர் பெயர். அதே ஆண்டின் முதல் நாளன்றுதான் அவருடைய மருத்துவமனை தீக்கிரையாகிச் சாம்பலாயிற்று. பதக்கமும் சாம்பலும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்த இவ்வம்மையாரின் வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம் எனக் கருதுகிறோம்.

அலபாமா மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ வளைகுடாவின் ஓரத்தில், பயூ லா பாட்ரி என்றொரு சிற்றூர் உள்ளது. 2010-ஆம் ஆண்டில் அதன் மக்கள் தொகை சுமார் 2,500. பிரெஞ்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஊர் ஆதலால் பெயரும் அவர்கள் மொழியிலேயே நின்றுவிட்டது. இறால் பிடித்தல், நண்டின் சதையைப் பிரித்தெடுத்தல், சிப்பியை உடைத்துச் சுத்தம் செய்தல், படகு கட்டுதல் ஆகியவையே அங்குள்ளவர்களின் பிழைப்பு. புனித மார்கரெட் பங்கில் 1949 முதல் ஆண்டுதோறும் படகுகளை மந்திரிக்கும் விழா நடைபெற்று வருகிறது. கடலோரப் பங்குகளில் வாழும் நம் வாசகர்களுக்கு அக்காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. 1975-க்குப் பின்னர் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் இத்தொழிலிலேயே ஈடுபட்டு அவ்வூரில் தங்கிவிட்டனர்; 2000-ஆம் ஆண்டில் ஊராரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராக அவர்கள் இருந்தனர். வெள்ளையர், கறுப்பர், ஆசியர் என மூவகையினரும் அங்கு உண்டு. வறுமையில் மட்டும் அவர்களிடையே பெரிய வேறுபாடு கிடையாது.

இந்த ஊருக்கு மொபீல் விரிகுடாவின் மறுகரையில் டாப்னி என்றோர் ஊர். அங்கேதான் ரெஜினா வளர்ந்தார். பிறந்தது 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள். தாயும் தந்தையும் பிரிந்துவிட்ட குடும்பம். தாய் உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அந்நாளைய அலபாமா எத்தகையது என்பதை இளைய வாசகர்கள் அறியமாட்டார்கள். பள்ளி தனி, பேருந்தில் இருக்கை தனி, நீர் அருந்தும் குழாயும் தனி. ரெஜினா ஏழு வயதை எட்டும் முன்பே, 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் பல்கலைக்கழகக் கட்டிடத்தின் வாயிலில் தாமே நின்று, இரண்டு கறுப்பின மாணவர்கள் உள்ளே நுழைவதைத் தடுக்கப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பர்மிங்காம் நகர ஆலயம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை நிறவெறியர் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். கல்லூரிக்குச் செல்லும்வரை தாம் ஒரு கறுப்பின மருத்துவரைக் கண்ணால் கண்டதில்லை என்று ரெஜினா அம்மையார் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். காணாத ஒன்றாகத் தானும் ஆகலாம் என்று ஒரு சிறுமி எண்ணுவது எளிதா?

அந்த எண்ணத்தை அவருள் விதைத்த கல்லூரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள சேவியர் பல்கலைக்கழகம் அது. கறுப்பின மக்களுக்கென அமெரிக்காவில் தோன்றிய உயர்கல்வி நிலையங்களுள் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தது இது ஒன்றே. இதனை நிறுவியவர் புனித கேதரின் டிரெக்சல். பிலடெல்பியா நகரத்துப் பெரும் வங்கியாளர் ஒருவரின் மகளாகப் பிறந்து, தமக்குக் கிடைத்த செல்வம் அனைத்தையும் செவ்விந்தியர், கறுப்பர் ஆகியோரின் கல்விக்கே கொடுத்துவிட்டுக் கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கியவர் அவர். 1915-இல் உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கி 1925-இல் கல்லூரியாக வளர்ந்தது அவரது நிறுவனம். 2000-ஆம் ஆண்டில் திருத்தந்தை 2-ஆம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். மருத்துவக் கல்லூரிகளுக்குக் கறுப்பின மாணவர்களை மிகுதியாக அனுப்பிவைத்த பெருமை பல்லாண்டுகளாகச் சேவியருக்கு உண்டு. வேதியியலும் உயிரியலும் கற்பிக்கும் வகுப்பறை மறைப்பரப்புப் பணித்தளமாகும் என்பதை அந்தச் சகோதரிகள் நன்கு அறிந்திருந்தனர். ரெஜினா 1979-இல் அங்கிருந்து பட்டம் பெற்று வெளிவந்தார். பிறகு அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரியில் சில ஆண்டுகள் பயின்று, 1984-இல் பர்மிங்காம் நகரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆளுநர் வாசலை மறித்த நாளுக்கும் அதே மாநிலப் பல்கலைக்கழகம் இவருக்குப் பட்டம் அளித்த நாளுக்கும் இடையே 21 ஆண்டுகளே கழிந்திருந்தன.

படிப்புச் செலவை அரசின் தேசிய சுகாதாரப் பணிப்படை ஏற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக, மருத்துவர் இல்லாத பகுதியில் சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். இப்படி வருவோரில் பலர் காலம் முடிந்ததும் மூட்டை கட்டி நகரத்திற்குப் போய்விடுவார்கள். அதைக் குற்றம் என்றும் சொல்ல இயலாது. ரெஜினா அம்மையார் போகவில்லை. கடன் தீர்ந்த பின்னும் தங்கினார். 1990-இல் பயூ லா பாட்ரியில் கிராமிய மருத்துவமனையை நிறுவினார்.

அங்கு வந்த நோயாளிகளின் நிலை விசித்திரமானது. அரசாங்கம் ஏழைகளுக்கென நடத்தும் மெடிக்கெய்ட் திட்டத்தில் சேர்வதற்கு வேண்டிய அளவு அவர்கள் ஏழைகள் அல்லர். தாமே மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கு வேண்டிய அளவு பணம் படைத்தவர்களும் அல்லர். உழைப்பவர்களாய் இருந்ததே அவர்கள் செய்த பிழை போலும்! இறால் பருவம் பொய்த்துவிட்டால் வீட்டில் நோயை மறைத்து வைப்பதைத் தவிர வேறு வழி அவர்களுக்கு இல்லை. பணம் கொடுக்க இயலாதவர்களிடம் டாக்டர் கட்டணம் கேட்கவில்லை. மருத்துவமனைக்கு வருவாய் இல்லாத காலங்களில் தமக்கெனச் சம்பளமும் எடுத்துக்கொள்ளவில்லை. வேற்றூர் மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் முறை வைத்து வேலை செய்து, அந்தப் பணத்தைக் கொண்டு தம் மருத்துவமனையைத் திறந்து வைத்திருந்தார்.

இங்கே நாம் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறோம். பிறர்பணி என்றவுடன் இரக்கம் நிறைந்த நெஞ்சைப் பற்றியே பேசுகிறோம். வரவு செலவுக் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை. நெஞ்சு நிறைய இரக்கம் இருந்தும், கணக்குப் புரியாமல் இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்ட இலவச வைத்தியசாலைகள் எத்தனையோ! இவ்வம்மையார் அந்த ஆபத்தை உணர்ந்தார். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, மிசிசிப்பி மாநிலத்தைக் கடந்து நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டுலேன் பல்கலைக்கழகத்திற்குக் காரில் சென்று, வணிக நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டத்திற்குப் படித்தார். 1991-இல் அதைப் பெற்றார். மருத்துவர் இல்லாத சிற்றூர்களில் பணி செய்யும் மருத்துவமனைகளுக்கு அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் கூடுதல் தொகை அளிக்க 1977-இல் வந்த ஒரு சட்டம் வழி செய்திருந்தது. தம்முடைய மருத்துவமனையை அச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்ததால்தான் அது நிலைத்தது. வழிகாட்டும் திறமை வேறு, தொண்டு உள்ளம் வேறு என்று பிரித்துப் பேசும் வழக்கத்தை இவர் வாழ்வு சற்றே தடுமாறச் செய்கிறது.

நிலைத்தது என்றோம். கடல் அதனை ஒப்பவில்லை.

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஜார்ஜஸ் என்னும் புயல் வளைகுடாக் கரையைத் தாக்கியது. மருத்துவமனை அழிந்தது. புதிதாகக் கட்டி முடிக்கும்வரை டாக்டர் தம் வண்டியை எடுத்துக்கொண்டு நோயாளிகளின் வீடு வீடாகச் சென்று வைத்தியம் பார்த்தார். ஏழாண்டுகள் கழிந்தன. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா வந்தது. அந்தப் புயலைப் பற்றிப் பேசுவோர் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியதையே பேசுவர். கிழக்கே இந்தச் சிற்றூரிலும் கடல் உள்ளே புகுந்து, பெரிய இறால் படகுகளைத் தூக்கிக் கரையோரக் காட்டுக்குள் எறிந்தது. ஊராருள் பெரும்பாலோர் வீடிழந்தனர். மருத்துவமனை மீண்டும் அழிந்தது. டாக்டர் தம் வீட்டை அடமானம் வைத்தார்; கடன் அட்டைகளில் எடுக்கக்கூடிய தொகை முழுவதையும் எடுத்தார். காயமுற்றவர்களுக்கு வைத்தியம் செய்தார். மருந்து வாங்கப் பணமில்லாதவர்களின் மருந்துச் சீட்டுகளுக்குரிய தொகையைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளுமாறு மருந்துக் கடைக்காரரிடம் சொல்லி வைத்தார். அவரை ஆளாக்கிய சேவியர் பல்கலைக்கழகமும் அதே வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

புதிய மருத்துவமனை ஆயத்தமாயிற்று. 2006-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று, முதல் நோயாளி உள்ளே கால் வைப்பதற்கு முன்பே, அது தீப்பற்றி எரிந்தது.

இந்த இடத்தில் ஒரு மனிதர் நின்றுவிட்டிருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? வயது அவருக்கு 49. பட்டங்கள் இருந்தன, பெயர் இருந்தது, எந்தப் பெருநகர மருத்துவமனையும் இரு கை நீட்டி வரவேற்றிருக்கும். வீடோ அடமானத்தில். மூன்றாம் முறையாகச் செங்கல் சுமக்க வேண்டுமா என்னும் கேள்வி அந்த நாட்களில் அவர் முன் நின்றிருக்கும் என்றே எண்ணுகிறோம். அவ்வூர் ஏழைப் பெண்மணி ஒருவர் அவரிடம் வந்து ஓர் உறையைக் கொடுத்தார். மருத்துவமனையை மறுபடி கட்டுவதற்கு அவர் தந்த நன்கொடை அது. உள்ளே இருந்தவை ஏழு டாலர்கள். அவரால் ஏழு டாலர் தேட முடிந்ததென்றால் மீதியை எப்படியாவது தம்மால் தேடிவிட முடியும் என்று டாக்டர் துணிந்தார். எருசலேம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டியருகே நம் ஆண்டவர் அமர்ந்து கவனித்தது யாரை என்று நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரியும். அந்தக் கைம்பெண்ணின் காசுகளைக் கொண்டு பின்னர் என்ன செய்தார்கள் என்று நற்செய்தி நமக்குச் சொல்லவில்லை. பயூ லா பாட்ரியின் ஏழு டாலர் என்னவாயிற்று என்பது தெரியும்: ஊராரும் வெளியூராரும் கைகொடுக்க, கட்டிடம் மூன்றாம் முறையாக எழுந்தது.

இனி இவருடைய தொழில்துறைத் தலைமையைப் பற்றி. அமெரிக்க மருத்துவர் சங்கம் 1847-இல் தோன்றிய பெரிய சங்கம். அதன் தென்மாநிலக் கிளைகள் பல, கறுப்பின மருத்துவர்களை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தன. சங்க உறுப்பினராக இல்லாதவருக்குப் பல மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சேர்த்து வைத்தியம் பார்க்கும் உரிமையும் கிட்டாது. ஆகவே இது வெறும் மரியாதைப் பிரச்சினை அன்று, பிழைப்புப் பிரச்சினை. இதனால் 1895-இல் கறுப்பின மருத்துவர்கள் தமக்கெனத் தேசிய மருத்துவச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பழைய பெரிய சங்கத்தின் அறங்காவலர் குழுவுக்கு 1995-இல் ரெஜினா பெஞ்சமின் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. 40 வயதுக்கு உட்பட்டோரில் முதல்வரும் அவரே. 2002-இல் அலபாமா மாநில மருத்துவச் சங்கத்தின் தலைவரானார். அமெரிக்காவில் எந்த மாநில மருத்துவச் சங்கத்துக்கும் அதற்குமுன் ஒரு கறுப்பினப் பெண் தலைமை தாங்கியதில்லை. பெரிய சங்கமோ, கறுப்பின மருத்துவர்களுக்கு இழைத்த அநீதிக்காக 2008-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. தேர்தல் முந்தியது, மன்னிப்புப் பிந்தியது! சங்கங்களின் மனசாட்சி இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது; தகுதியுள்ள ஒருவர் உள்ளே வந்து அமர்ந்த பின்னரே, இவ்வளவு நாள் ஏன் கதவை மூடியிருந்தோம் என்று அவை வெட்கப்படத் தொடங்குகின்றன.

விருதுகளை விரைந்து சொல்லிவிடுகிறோம். உடல்நலம், மனித உரிமை ஆகியவற்றிற்காக நெல்சன் மண்டேலா பெயரால் வழங்கப்படும் விருது 1998-இல். முன்னர்ச் சொன்ன திருத்தந்தையின் பதக்கம் 2006-இல். எவ்வாறு செலவிட வேண்டும் என்ற நிபந்தனை ஏதுமின்றி அந்நாளில் 5 இலட்சம் டாலர் அளித்துவந்த மக்கார்தர் நிதியுதவி 2008-இல்.

2009-ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று குடியரசுத் தலைவர் ஒபாமா, நாட்டின் சர்ஜன் ஜெனரல் பதவிக்கு இவர் பெயரை அறிவித்தார். அக்டோபர் 29 அன்று மேலவை ஒப்புதல் அளித்தது. மக்களின் உடல்நலம் பற்றி நாட்டுக்கு எடுத்துரைக்கும் தலைமை மருத்துவர் பதவி அது. கடற்படையின் வைஸ் அட்மிரலுக்குரிய சீருடையும் தகுதியும் அதற்கு உண்டு. பொதுச் சுகாதாரப் பணித்துறையைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்ட அதிகாரிகள் அதன் கீழ் வருவர். இப்பதவியை வகித்த முதல் கறுப்பினப் பெண் இவர் அல்லர். 1993-இலேயே டாக்டர் ஜாய்ஸ்லின் எல்டர்ஸ் வகித்திருந்தார். எனினும் அலபாமாக்காரி ஒருவர் அச்சீருடையை அணிவதில் தனிப் பொருள் உண்டு. இதே பொதுச் சுகாதாரப் பணித்துறைதான் 1932 முதல் 1972 வரை நாற்பதாண்டுகள், அலபாமா மாநிலத்து டஸ்கீஜி ஊரில், மேகநோய் கண்ட ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு உரிய மருந்தைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. பெனிசிலின் கிடைத்த பின்னும் கொடுக்கவில்லை. ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 600 பேர். அரசின் மருத்துவரைக் கண்டாலே கறுப்பினத்தார் பலர் அஞ்சி ஒதுங்கியதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? அந்தத் துறையின் அதிகாரிகளுக்கு இப்போது தலைவியாக வந்தவர், வண்டியோட்டி வீடு வீடாகச் சென்று அதே மாநிலத்து ஏழைகளின் நாடி பார்த்தவர்.

நியமன அறிவிப்பு வந்தவுடன் சிலர் அவருடைய உடற்பருமனைச் சுட்டிக்காட்டி, இவர் எப்படி மக்களுக்கு உடல்நலம் போதிக்கலாம் என்று பத்திரிகைகளில் எழுதினர். கோட்டும் டையும் அணிந்த ஆண் அதிகாரிகளின் இடுப்பை இப்படி நூல் பிடித்து அளந்து பார்த்தார்களா என்று நமக்கு ஐயமாகவே இருக்கிறது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஏற்புரையில் அவர் பேசியது தம் குடும்பத்தைப் பற்றி. தந்தை இறக்கும்போது அவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருந்தன. ஒரே உடன்பிறப்பான அண்ணன் 44 வயதில் எய்ட்ஸ் கிருமி தொடர்பான நோயால் மறைந்தார். தாய் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். சிறுமியாய் இருந்தபோது, உடன் பிறந்த இரட்டைச் சகோதரனைப் போலத் தானும் புகைக்க ஆசைப்பட்டுத் தொடங்கிய பழக்கமே காரணம். இவை யாவும் தடுத்திருக்கக்கூடிய நோய்கள் என்பதையே அவர் வலியுறுத்தினார்.

பதவிக் காலத்தில் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு நின்றார். நோய் வருமுன் காக்கும் தேசியத் திட்டம் 2011-இல் வெளிவந்தது. இளைஞர்களிடையே புகையிலைப் பழக்கத்தைத் தடுப்பது குறித்த பெரிய அறிக்கை 2012-இல் வந்தது. அதனைக் கையில் எடுத்தபோது தாயின் நினைவு அவருக்கு வராமலா இருந்திருக்கும்! 2011-இல் அட்லாண்டா நகரில் கூந்தல் அலங்கரிப்போர் கூடும் கண்காட்சி ஒன்றுக்குச் சென்று பேசியதைச் சிலர் கேலி செய்தனர். அலங்கரித்த கூந்தல் வியர்வையில் கலைந்துவிடும் என்று கறுப்பினப் பெண்கள் பலர் உடற்பயிற்சியையே கைவிட்டிருந்தனர்; கலையாத அலங்காரத்துக்கு வழி காணுங்கள் என்று கூந்தல் கலைஞர்களையே அவர் கேட்டுக்கொண்டார். இதில் கேலிக்கு என்ன இருக்கிறது என்று நம் இல்லத்தரசிகளைக் கேட்டால் தெரியும். ஆண்டுக்கணக்காக நோயாளிகளின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசியவருக்கே இத்தகைய தடை கண்ணில் படும்.

2010-ஆம் ஆண்டு ஏப்ரலில் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்து, மாதக்கணக்கில் கடலில் எண்ணெய் பரவியபோது, பயூ லா பாட்ரியின் படகுகள் கரையில் முடங்கின. புயலையும் தீயையும் கண்ட அந்த ஊருக்கு இது இன்னோர் அடி.

2013-ஆம் ஆண்டு ஜூலையில் ரெஜினா அம்மையார் பதவியிலிருந்து விலகினார். வைஸ் அட்மிரல் சீருடையைக் களைந்துவிட்டு வளைகுடாக் கரைக்கே திரும்பினார். மருத்துவமனையின் பொறுப்பையும் தொடர்ந்தார். அதே ஆண்டு சேவியர் பல்கலைக்கழகம் பொதுச் சுகாதார அறிவியலுக்கென நிறுவிய சிறப்புப் பேராசிரியர் இருக்கையில் அவரை அமர்த்தியது. கல்லூரிக்கு வரும்வரை ஒரு கறுப்பின மருத்துவரையும் கண்டிராத அந்த மாணவி, 34 ஆண்டுகளுக்குப் பின் அதே கல்லூரியின் மாணவ மாணவியர் முன் வந்து நின்றார்.